சுவரில் ஒட்டிய தாள்கள்

செய்தித்தாள் அச்சிடும் காகித உருளையிலிருந்து கத்தியால் வெட்டியெடுத்த தாள் அது. தடித்த மார்க்கர் பேனாவால், கறுப்பிலும் நீலத்திலும் சிவப்பிலும், மேலிருந்து கீழாக எழுதியிருக்கிறார்கள். வரிகள் சில இடத்தில் நெருங்கியும் சில இடத்தில் விலகியும் இறங்குகின்றன. டார்ச் வெளிச்சத்தில் எழுதிய கை அப்படித்தான் எழுதும். தேதி 2011 மார்ச் 12. ஜப்பானின் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை அடித்ததற்கு மறுநாள்.

கூட வந்த தோழி ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். நேற்று நடந்தது எவ்வளவு பெரிய நிலநடுக்கம் என்று முதலில் வருகிறது. அடுத்து, சரியான தகவலை வைத்து நடந்துகொள்ளுங்கள் என்ற வேண்டுகோள். அழுகையும் ஆறுதல் வார்த்தையும் அதில் இல்லை. இஷினோமாகி என்ற அந்த ஊரில் மட்டும் 3,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். இன்னும் 400 பேருக்கு மேல் கிடைக்கவே இல்லை. அந்தக் கணக்கு எதுவும் தெரியாத காலையில், தெரிந்த கொஞ்சத்தை மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

இஷினோமாகி ஹிபி ஷிம்புன் 1912-இல் தொடங்கிய சின்ன உள்ளூர் மாலைப் பத்திரிகை. அலை வந்த அன்று அச்சு இயந்திரம் நீரில் மூழ்கியது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. செய்தி சேகரிக்கப் போன நிருபர் ஒருவரை அலை அடித்துக்கொண்டு போய், மறுநாள்தான் மீட்டார்கள். போர்க்காலத்தில் அச்சிட வழியில்லாதபோது கையால் எழுதிச் செய்தி கொடுத்த மூத்தவர் ஒருவரின் கதை அந்த அலுவலகத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தது. நிறுவனத் தலைவர் கோயிச்சி ஓமி அந்த வழியையே எடுத்தார். நனையாமல் தப்பிய காகிதமும் பேனாவும் இருந்தன. மார்ச் 12 முதல் 17 வரை ஆறு நாள், ஒரு மூலத்தாளைப் பார்த்து ஆளாளுக்குப் படியெடுத்து, முகாம்களிலும் மக்கள் கூடும் இடங்களிலும் கொண்டுபோய் ஒட்டினார்கள். மின்சாரம் வந்த பிறகு கணினி அச்சுக்கு மாறினார்கள்.

பின்னாளில் அந்தத் தாள்களில் சில வாஷிங்டனில் இருந்த நியூசியம் என்ற செய்தி அருங்காட்சியகத்துக்குப் போயின. உலகம் அவற்றைப் பத்திரிகைத் தொழிலின் வீரமாகக் கொண்டாடியது. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் தாளின் முன் நின்றபோது என் நினைவு எழுதியவர்களை விட்டு, அதைப் படிக்கக் கூடிய கூட்டத்துக்கே போனது. முகாமில் படுத்திருந்தவர்கள் எழுந்து வந்து, சுவரைச் சுற்றி நின்றிருப்பார்கள்; கண் தெரியாத முதியவருக்குப் பக்கத்தில் இருந்தவர் வாசித்துக் காட்டியிருப்பார். ஒன்றும் தெரியாத நேரத்தில் மனிதர்கள் முதலில் கேட்பது ஆறுதலை அல்ல, நம்பக்கூடிய ஒரு வாக்கியத்தை. தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தத் தெருவுக்கு மின்சாரம் வந்தது. அந்த வாக்கியத்தைத் தனியாகப் படிப்பதற்கும் தன்னைப் போலவே வீட்டை இழந்தவர்களோடு தோளுரசி நின்று படிப்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

தோழிக்கு அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கும்பகோணத்துப் பெண். கணவர் செண்டாய் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்ததால் அங்கே குடிவந்து, நிலநடுக்கத்தின்போது நான்கு வயதுக் குழந்தையோடு பள்ளி உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் தங்கியிருந்தவர்.

“எனக்கு அப்ப கான்ஜி எழுத்து ஒண்ணும் தெரியாதுக்கா. சுவர் முழுக்க நோட்டீஸ். எல்லாரும் படிக்கிறாங்க, நான் மட்டும் முழிச்சிக்கிட்டு நிக்கிறேன். பக்கத்துப் பாயில ஒரு பாட்டி இருந்தாங்க. தினம் காலையில என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், சின்னச் சின்ன வார்த்தையா பிரிச்சுச் சொல்லுவாங்க. நான் உடனே தமிழ்ல எழுதிக்குவேன்.”

அந்த நோட்டில் முதல் பக்கங்களில் குடிநீர் லாரி வரும் நேரமும், திறந்திருக்கும் கடைகளின் பெயரும்தான் இருந்தனவாம். ஃபுகுஷிமா அணு உலைச் செய்தி வந்ததும் பக்கங்களின் தன்மை மாறிவிட்டது. உலை இருந்தது தெற்கே நூறு கிலோமீட்டருக்குள். ஊருக்குத் திரும்புவதா, இருப்பதா? ஊரிலிருந்து அம்மா அழுகிறார். கணவர் ஆய்வகத்தை விட்டு வர முடியாது என்கிறார். குழந்தைக்குக் கொடுக்கும் பாலை நம்பலாமா என்று தெரியவில்லை. இரவில் கூடம் முழுக்கத் தூங்கும்போது அதையெல்லாம் எழுதியிருக்கிறார். எழுதியதால் முடிவு தெரிந்துவிடவில்லை என்றார். “ஆனா நேத்து எழுதினதை இன்னிக்குப் படிச்சா, நேத்தும் இதே பயத்தோட ஒரு நாள் ஓட்டிட்டோம்னு தெரியும்.”

இஷினோமாகியில் அடுத்து நாங்கள் ஏறியது ஹியோரியாமா குன்று; ஐம்பது மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரம். அன்று ஊர் ஏறி நின்றது இதில்தான். அடிவாரத்தில் கடோனோவாக்கி தொடக்கப் பள்ளி, அலைக்குப் பின் வந்த தீயில் கருகிய நிலையிலேயே பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. பள்ளியில் இருந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் இந்தக் குன்றுக்கு ஏற்றிக் காப்பாற்றினார்கள். அதே மாநகர எல்லைக்குள் கிதாகாமி ஆற்றங்கரையில் இருந்த ஒகாவா தொடக்கப் பள்ளியில் 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள். குன்றின் உச்சியில் நின்று பார்த்தால் கீழே வீடுகள் நெருக்கியடித்து இருந்த இடம் இன்று புல்வெளி, நினைவுப் பூங்கா.

நான் நாகை மாவட்டத்துக்காரி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். உடல்கள் கெட்டுப்போகும் என்ற அவசரத்தில், பெயர் எழுதிவைக்க நேரமில்லாமல் பெருங்குழிகளில் புதைக்கப்பட்டவர்கள் அதில் ஏராளம். எழுதப்படாத அந்தப் பெயர்களின் கனம் எங்கள் கரையில் இன்றும் இருக்கிறது. குன்றின் மேல் நின்ற அரை மணி நேரமும் எனக்கு அந்த நினைவாகவே இருந்தது.

வடக்கே போகும் ரயில் பாதையின் கணிசமான பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. தண்டவாளம் கிடந்த இடத்தில் தார் போட்டு, பேருந்துக்கென்றே தனிச்சாலை ஆக்கியிருக்கிறார்கள். மாயெயாச்சியில் ஏறினால் கெசென்னுமா, அங்கே மாறினால் ரிக்குசென்தகாதா. ரயில் நிலையம் போன்ற நிறுத்தங்கள், ரயில் சுரங்கங்களுக்குள் புகுந்து வெளிவரும் பேருந்து. வழியெங்கும் கடல் தெரியும் என்று எண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பல ஊர்களில் கடல் தெரியவில்லை. புதிய காங்கிரீட் சுவர்தான் தெரிந்தது. ரிக்குசென்தகாதாவில் அதன் உயரம் 12.5 மீட்டர். கடலைப் பார்த்தே வாழ்ந்தவர்கள் கடல் தெரியாத ஊரில் இருக்கப் பழகுவது எளிதல்ல என்று பக்கத்து இருக்கைக்காரர் தோழியிடம் சொன்னார். அவர் மீன் சந்தையில் வேலை பார்த்தவர்.

ரிக்குசென்தகாதாவின் கடற்கரையில் சுமார் 70,000 பைன் மரங்கள் இருந்தன. ஒன்றுதான் நின்றது. உப்புநீரில் வேர் அழுகி அதுவும் பட்டுப்போனதால் பதப்படுத்தி மறுபடி நிறுத்திவைத்திருக்கிறார்கள். எல்லோரும் படமெடுப்பது அந்த மரத்தைத்தான். என்னைத் தடுமாற வைத்தது ஊரின் தரை. பழைய நகரின் நடுப்பகுதியைச் சுமார் பத்து மீட்டர் மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் புதிய ஊரைக் கட்டியிருக்கிறார்கள். ஆற்றின் மறுகரை மலையை உடைத்து, ராட்சத கன்வேயர் பெல்ட் பாலம் போட்டு மண்ணைக் கொண்டுவந்தார்கள். பழைய கடைவீதி, கோயிலுக்குப் போகும் வழி, பிள்ளைகள் விளையாடிய முடுக்கு எல்லாம் காலடியில் பத்து மீட்டர் ஆழத்தில். வீட்டை இழந்தவருக்கு வீடு இருந்த இடமாவது மிஞ்சும். இங்கே அதுவும் இல்லை.

அதற்கு முன்பு தற்காலிகக் குடியிருப்புகளின் காலம். இரண்டு ஆண்டுக்கென்று போட்ட நீண்ட வரிசை வீடுகளில் பலர் ஐந்தாறு ஆண்டுகள் இருந்தார்கள். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கியதில் அக்கம்பக்கம் சிதறி, முதியவர்கள் யாருக்கும் தெரியாமல் அறைக்குள்ளேயே இறந்துகிடந்த கொடுமை நடந்தது. அதை மனதில் வைத்து வடகிழக்கில் சில ஊர்கள் தெருவையே கூண்டோடு ஒரே குடியிருப்புக்கு மாற்றப் பார்த்தன. எல்லா இடத்திலும் முடியவில்லை. முடியாத இடங்களில் கைகொடுத்தது ‘ஒச்சாக்கோ’. இந்தப் பக்கத்துப் பேச்சுவழக்கில், கூடி உட்கார்ந்து தேநீர் குடிப்பது. பொது அறையில் ஒரு கெண்டி தேநீர், வீட்டில் போட்ட ஊறுகாய், ஊர்க்கதை. முந்தின நாள் வந்தவர் இன்று வரவில்லை என்றால் யாராவது எழுந்து போய்க் கதவைத் தட்டுவார்கள். மனநல ஆலோசனைக்கு வாருங்கள் என்றால் வராத மீனவக் குடும்பத்துப் பெண்கள் இதற்கு வந்தார்கள்.

எழுதுவதைப் பற்றி இந்தக் கரையில் மிக ஆழமாக யோசித்தவர் என்று நான் கருதுவது கியோஷி கனெபிஷி என்ற சமூகவியலாளரை. அப்போது செண்டாயில் தோஹோகு காக்குயின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பேரழிவில் சிக்கிய 71 பேரைத் தங்கள் கையாலேயே எழுதவைத்து 2012-இல் ஒரு பெருந்தொகுப்பாக வெளியிட்டார். வேலையினூடே அவர் கண்டது ஒன்று. உறவைப் பறிகொடுத்தவர்களில் பலர் தங்கள் வலி நீங்குவதை விரும்பவில்லை. வலி போய்விட்டால் போனவரோடு இருக்கும் கடைசித் தொடர்பும் அறுந்துவிடும் என்று அஞ்சினார்கள். மனதை லேசாக்கிக்கொள்ளுங்கள் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் சொன்னது அவர்களைக் காயப்படுத்தியது. எழுத்து அவர்களுக்கு வேறொன்றைச் செய்தது: வலியைத் தூக்கி எறியாமல், சதா நெஞ்சில் சுமக்காமல், பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டு, வேண்டும்போது போய்ப் பார்க்க வழி செய்தது. தன் குழந்தை அன்று காலை என்ன சாப்பிட்டது என்பதுவரை எழுதிவைத்தாயிற்று, இனி மறந்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். 2017-இல் இறந்தவர்களுக்கே குடும்பத்தார் எழுதிய கடிதங்களைத் திரட்டி இன்னொரு நூலும் கொண்டுவந்தார்.

எழுதினால் மனம் ஆறும் என்று நானும் பல இடங்களில் பேசியிருக்கிறேன். கனெபிஷி சொல்வது அதைவிட உண்மையாகப் படுகிறது. ஆறுவதல்ல, வைக்க ஓர் இடம் கிடைப்பது.

அப்படி ஓர் இடத்தைக் கண்ணால் பார்க்க ரிக்குசென்தகாதாவின் ஹிரோத்தா தீபகற்பத்துக்குப் போனோம். மரங்களுக்கு நடுவே சிறிய காபிக்கடை நடத்தி வந்த யூஜி அக்காகாவா 2014-இல் ஒரு பழைய உருளை வடிவச் சிவப்பு அஞ்சல்பெட்டியை நிறுத்தினார். இறந்தவர்களுக்கு எழுதும் கடிதம் எந்த விலாசத்துக்கும் போய்ச்சேராது. அஞ்சல்துறையும் என்ன செய்யும்? அந்தக் கடிதங்கள் இந்த முகவரிக்கு வரட்டும் என்றார். மிதந்தலையும் அஞ்சல்பெட்டி என்று அதற்குப் பெயர். கணவனுக்கு மனைவியும், மகளுக்குத் தாயும், ஒரே வகுப்பில் படித்த தோழிக்குத் தோழியும் எழுதினார்கள். ஆழிப்பேரலையில் போனவர்களுக்கு என்று தொடங்கியது, நோயிலும் விபத்திலும் போனவர்களுக்கும் திறந்துகொண்டது. அக்காகாவாவுக்கு வயது ஏற ஏற, பொறுப்பு அதே ஹிரோத்தாவில் இருக்கும் பௌத்த ஆலயம் ஒன்றுக்குப் போயிருக்கிறது.

தனக்காக மட்டும் எழுதி அலமாரியில் பூட்டலாமே, எதற்குத் தபால்தலை ஒட்டி அனுப்ப வேண்டும்? அந்தப் பெட்டியின் முன் நின்றபோதுதான் எனக்கு விடை தெளிந்தது. அனுப்பினால் அங்கே ஒருவர் உறையைப் பிரித்து வாங்கி வைக்கிறார். கடிதக் கோப்புகளைப் பார்க்க வரும் இன்னொரு தாய், பெயர் தெரியாத ஒருத்தி தன் பிள்ளைக்கு எழுதியதைப் படிக்கிறாள். தான் எழுதாத தன் கடிதமே அங்கே இருப்பதைக் காண்கிறாள். பிறகு அவளும் எழுதுகிறாள். முகாம் சுவரைச் சுற்றி அன்று கூடிய கூட்டம்தான் இதுவும். ஆண்டுக்கணக்கில் பரந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமலே கூடுகிற கூட்டம்.

தோழி அங்கே நெடுநேரம் எதுவும் பேசவில்லை. அந்தப் பாட்டி 2013-இல் இறந்துபோனதைத் திரும்பி வரும் டாக்சியில்தான் சொன்னார்.

சகாரியிலிருந்து மீண்டும் ரயில் உண்டு. சான்ரிக்கு ரயில்வேயின் ரியாஸ் பாதை, 2019 மார்ச்சில் முழுமையடைந்தது. குடைவுக்குள் ரயில் இருளும், வெளிவந்தால் ஒரு குடா, நாலு படகு, சிப்பி வளர்ப்பு மிதவைகள், மறுபடி குடைவு. நாமிஇத்தாகைகான் நிறுத்தத்தில் இறங்கினோம். ஓட்சுச்சி ஊராட்சியைச் சேர்ந்த இடம். 2011-இல் மேயரையும் அலுவலர்களில் பலரையும் சேர்த்து மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழந்த ஊர்.

இங்கே இத்தாரு சசாக்கி என்பவரின் தோட்டத்தில், வெள்ளை மரச்சட்டமும் கண்ணாடியுமாக ஒரு தொலைபேசிக் கூண்டு இருக்கிறது. உள்ளே சுழற்றி எண் போடும் கறுப்புத் தொலைபேசி. கம்பி எதனோடும் இணைக்கப்படவில்லை. புற்றுநோயில் இறந்த தன் உறவினரோடு பேசுவதற்கென்று 2010-இன் இறுதியில் அவர் அமைத்தது. சில மாதத்தில் அலை வந்தது. கூண்டு ஊருக்கே பொதுவாகிவிட்டது. காற்றின் தொலைபேசி என்ற பெயரில் இதை உலகம் அறியும். இதுபோன்ற கூண்டுகள் பல நாடுகளில் வந்துவிட்டன. படங்களில் எல்லாம் தொலைபேசி மட்டும்தான் வரும். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருப்பதைப் போனால்தான் பார்க்கலாம். பேசி முடித்தவர்கள் அதில் எழுதுகிறார்கள். பேச வாய் வராதவர்களும் அதில் எழுதிவிட்டுப் போகிறார்கள். பல மொழிகள். முன்பக்கம் எழுதியவர் யாரென்று தெரியாமலே அவருக்குப் பதில்போல எழுதியவர்களும் உண்டு. அந்தப் பக்கங்களில் இருப்பதை இங்கே எடுத்துப் போட எனக்கு உரிமையில்லை. நோட்டு நிறைந்தால் புதிய நோட்டு வைக்கப்படுகிறது.

பயணத்தின் கடைசி இடம் மியாகோ நகரத்தின் கீழ்வரும் அனெயோஷி. ஓமோயெ தீபகற்பத்தின் ஒதுக்கில், வளைந்து வளைந்து போகும் பாதையின் முடிவில் ஒரு சின்னஞ்சிறு குடியிருப்பு. 1896 பேரலையில் இந்த ஊரில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். மறுபடி கட்டிய ஊரை 1933-இல் அலை அழித்தபோது நான்கு பேர். அதன் பிறகு மிஞ்சியவர்கள் மேட்டில் ஒரு கல்லை நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று சந்ததிக்கு எழுதிவைத்தார்கள். ஊர் அதற்குக் கட்டுப்பட்டது. மீன்பிடித் துறைக்குத் தினமும் இறங்கி ஏற வேண்டும் என்ற சிரமத்தோடு மேலேயே வாழ்ந்தார்கள். 2011-இல் இந்தப் பள்ளத்தாக்கில் அலை ஏறிய உயரம் 40 மீட்டர். அந்தப் பேரழிவில் பதிவான மிகப் பெரிய உயரங்களில் ஒன்று. கல்லைத் தாண்டவில்லை. மேலே ஒரு வீடும் போகவில்லை. ஆனால் வெளியே போயிருந்த இவ்வூர்த் தாய் ஒருத்தியும் மூன்று பிள்ளைகளும் அன்று அலையில் போனார்கள். எழுத்து எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதை அந்தக் கல்லின் முன் நின்று மறைக்க முடியாது.

சான்ரிக்குக் கரையில் இப்படிப்பட்ட கற்கள் நிறைய. பாசி பிடித்து, யாரும் நிற்காமல் கடந்துபோகும் கற்களும் உண்டு. அங்கெல்லாம் கல் இருந்தது, படித்துக் காட்ட ஆள் இல்லை. அனெயோஷியில் தாத்தா பேரனைக் கூட்டிவந்து காட்டினார்; அந்தப் பேரன் தன் பிள்ளையைக் கூட்டிவந்தான். கல்லுக்கு உயிர் கொடுத்தது அந்த நடைதான்.

மியாகோவுக்குத் திரும்பும் வண்டியில் தோழியிடம் அந்தத் தமிழ் நோட்டு எங்கே என்று கேட்டேன்.

“இருக்குக்கா. துணி அலமாரிக்கு மேல் தட்டுல. பொண்ணு ஒருநாள் எடுத்துப் பார்த்தா. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதுல என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கேன்னு கேட்டா. அப்புறம் சொல்றேன்னு வாங்கி வச்சிட்டேன்.”

“ஏன் வாங்கி வச்சே?”

“அவளை இங்கேயே வச்சுக்கிறதா, ஊருக்கு அனுப்பிடறதான்னு நான் தவிச்சதெல்லாம் அதுல இருக்கு. அம்மா இவ்வளவு பயந்தாளான்னு நினைப்பாளோன்னுதான்.”

பள்ளத்தாக்கைத் தாண்டும்வரை நாங்கள் பேசவில்லை. பிறகு அவரே ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்கு வேலை இருக்காது. தான் தமிழில் வாசிப்பது, அவள் கேட்டு ஜப்பானிய மொழியில் எழுதுவது. வாரத்துக்கு இரண்டு பக்கம் போதும். எழுதி முடித்தால் ஒரு படியை அந்தப் பாட்டியின் மகன் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும்; அவர்களுக்கும் அந்த முகாமில் பாட்டி என்ன செய்தார் என்பது முழுதாகத் தெரியாது. குடிநீர் லாரி வந்த நேரத்தை எல்லாம் எழுத வேண்டுமா, விட்டுவிடலாமா என்று கேட்டார்.

எதையும் விடாதே என்றேன்.